சண்டைப் பட டிஸ்க் மதிப்புரை: குத்தம் டிஸ்க்கிலயா, நம்ம வீட்டு டிவியிலயா?

பாளை வாசகன் (பாளையங்கோட்டை)

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்க படச்சங்கத்து மாதத் தாளுக்கு ஒரு ஹாலிவுட் சண்டைப் படத்தோட 4கே டிஸ்க்கைப் பத்தி எழுதணும். கதை, நடிப்பு எல்லாம் வேற ஆள் எழுதுறாங்க. டிஸ்க்ல படமும் சத்தமும் எப்படி வந்திருக்குங்கிறது மட்டும்தான் என் பங்கு. பெட்டிக்குள்ள ரெண்டு டிஸ்க்: ஒண்ணு 4கே, ஒண்ணு சாதா புளூ-ரே. படம் 130 நிமிஷம்.

டிவி 55 இன்ச் எல்இடி, எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதல் வீச்சுல காட்டுற வசதி) உண்டு. 10 அடி தள்ளி உக்காந்து பாக்கிறது. பிளேயர்ல இருந்து எச்டிஎம்ஐ டிவிக்குப் போகுது, டிவியில இருந்து ஆப்டிக்கல் ஒயர் 5.1 ரிசீவருக்கு (ஸ்பீக்கர், சப்வூஃபர் எல்லாத்துக்கும் சத்தத்தைப் பிரிச்சு அனுப்புற பெட்டி).

பார்த்ததுல பட்ட குறைகள்: ராத்திரிச் சண்டை 4கே டிஸ்க்ல ஒரே இருட்டு, அதே காட்சி சாதா புளூ-ரேயில தெளிவா தெரியுது. கார் துரத்துற இடத்துல படம் வெட்டி வெட்டிப் போகுது. வசனம் கேக்கலைன்னு சத்தத்தைக் கூட்டினா அடுத்த வெடியில ஜன்னல் அதிருது. சப்வூஃபர்ல சதா ஒரு 'ஊம்'. 1 மணி 20 நிமிஷம் பக்கத்துல படம் உறைஞ்சு நின்னு அப்புறம் ஓடுது.

இதுல எதை டிஸ்க் கணக்குல எழுதலாம்? அச்சுல ஏறுற விஷயம், தப்பா எழுதிடக் கூடாது.

---

கொக்கிரகுளம் (திருநெல்வேலி)

தம்பி, நீங்க சொன்ன அஞ்சுல ஒண்ணுகூட டிஸ்க் குறைன்னு இப்பவே எழுத முடியாது. நல்லவேளை, எழுதுறதுக்கு முன்னாடி கேட்டீங்க. படம் எடுத்தவங்க வேணும்னே செஞ்சது, டிஸ்க் தயாரிச்சவங்க கெடுத்தது, நம்ம வீட்டு செட்டிங்ஸ் கெடுத்தது, இந்த மூணையும் பிரிச்சுப் பார்க்கணும். மூணாவதைச் சரி பண்ணாம முதல் ரெண்டையும் பேசவே முடியாது.

இருட்டுல இருந்து தொடங்குங்க. டிவியில மின்சாரச் சேமிப்பு மோடு, அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானா மாறுற சென்சார் ரெண்டையும் அணைங்க. படத்துக்கு 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடு. 'விவிட்' மோடுல வச்சு எழுதுன எந்த வரியும் செல்லாது. அடுத்து, பிளேயர் சொருகியிருக்கிற எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு டிவி மெனுவுல 'என்ஹான்ஸ்டு', 'அல்ட்ரா எச்டி டீப் கலர்' மாதிரி ஒரு பேர்ல சுவிட்ச் இருக்கும். கம்பெனிக்கு ஒரு பேர் வைப்பான். அது அணைஞ்சு கிடந்தா பிளேயர் எச்டிஆரையே அனுப்பாது. படம் ஓடும்போது இன்ஃபோ பட்டனை அமுக்கினா 2160பி, 24 ஹெர்ட்ஸ், எச்டிஆர் மூணும் தெரியணும்.

இவ்வளவு செஞ்சும் இருட்டுன்னா காரணம் டோன் மேப்பிங். 4கே டிஸ்க்குகளை 1000 நிட்ஸ், சிலதை 4000 நிட்ஸ் வெளிச்சக் கணக்குல தயாரிக்கிறாங்க. நடுத்தர விலை எல்இடி டிவி 300, 400 நிட்ஸ்தான் கக்கும். மேல உள்ள வெளிச்சத்தை உள்ளே அடக்குறதுக்கு டிவி மொத்தப் படத்தையும் கீழே இறக்கும், நிழல் பகுதி முழுகிப் போகும். 'டைனமிக் டோன் மேப்பிங்' இருந்தா போட்டுப் பாருங்க. பிளேயர்ல டோன் மேப்பிங் இருந்தா அதையும் தனியா. ரெண்டையும் சேர்த்துப் போடாதீங்க. நம்ம ஊர்ப் பகல் வெளிச்சத்துல ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு எச்டிஆர் ராத்திரிக் காட்சியை எந்த டிவியிலயும் பார்க்க முடியாது. விளக்கு வச்ச பிறகு, ஜன்னல் திரையை இழுத்து விட்டுப் பாருங்க.

ரெண்டு டிஸ்க்லயும் இருட்டுன்னா அது வேற நோய். பிளேயர் வீடியோவை 16–235 அளவுல அனுப்ப, டிவி 0–255ன்னு எடுத்துக்கிட்டா கறுப்பு சாம்பல் நிறமாகிடும். மாத்தி நடந்தா நிழல் எல்லாம் ஒரே கறுப்பாகும். ரெண்டு பக்கமும் 'லிமிடெட்'னு வைங்க. உங்களுக்கு 4கேல மட்டும் இருட்டுங்கிறதால டோன் மேப்பிங் மேலதான் சந்தேகம். ஆனா ஒண்ணு: இந்த மாதிரி ரெட்டை டிஸ்க் பெட்டியில சாதா புளூ-ரே பல வருஷம் முன்ன வந்த பழைய டிஸ்க்காவே இருக்கும், அதோட மாஸ்டரே (டிஸ்க் தயாரிக்க அடிப்படையா வச்ச மூலப் பிரதி) வேற. அப்படின்னா அதை வச்சு 4கேயை அளக்கிறது சரியா வராது. டிஸ்க் மேல அச்சடிச்ச காப்புரிமை ஆண்டைப் பாருங்க, மெனு பழைய வெளியீட்டு மெனுவான்னு பாருங்க.

வெட்டி வெட்டிப் போறதுக்கு: படம் விநாடிக்கு 24 ஃபிரேம். 60 ஹெர்ட்ஸ் டிவியில ஒரு ஃபிரேம் மூணு தடவை, அடுத்தது ரெண்டு தடவைன்னு மாறி மாறி வரும். கேமரா பக்கவாட்டுல பைய நகரும்போது அந்தக் குலுக்கல் கண்ணுல படும். பிளேயர்ல '24பி அவுட்புட்' ஆன். 120 ஹெர்ட்ஸ் பேனல்னா ஒவ்வொரு ஃபிரேமும் சரியா அஞ்சு தடவை வந்து குலுக்கல் போயிடும். மோஷன் ஸ்மூத்திங்கை முழுசா அணைங்க. அது கற்பனை ஃபிரேம்களை நடுவுல செருகி, வேகமா வீசுற கையைச் சுத்திக் கிழிசல் உண்டாக்கும். பலபேர் அதைத்தான் டிஸ்க் குறைன்னு எழுதிடுறாங்க.

இதெல்லாம் செஞ்ச பிறகும் வெட்டினா, அது இயக்குநர் கேட்டதா இருக்கலாம். 1998ல வந்த 'சேவிங் பிரைவேட் ரையன்' கடற்கரைச் சண்டையை 45, 90 டிகிரி ஷட்டர்ல எடுத்தாங்க. வழக்கமா 180. ஷட்டர் குறுகினா ஒவ்வொரு ஃபிரேமும் மங்கலே இல்லாம கூர்மையா விழும், அசைவு துடிதுடிப்பாத் தெரியும். 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்'ல நிறைய ஷாட்டுகளோட வேகத்தையே கூட்டிக் குறைச்சிருக்காங்க. அதை உள்ளது உள்ளபடி காட்டுற டிஸ்க்தான் நல்ல டிஸ்க்.

இனி டிஸ்க்கோட சொந்தக் குறைகள். சண்டைப் படத்துல இதைக் கண்டுபிடிக்கச் சோதிக்க வேண்டிய இடங்கள் புழுதி, புகை, மழை, தீ, சிதறுற கண்ணாடி. கம்ப்ரெஷன் (படத் தகவலைச் சுருக்குற முறை) முந்தின ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி இடத்தை மிச்சம் பிடிக்குது. பேசிக்கிட்டு உக்காந்திருக்கிற காட்சியில வித்தியாசம் கொஞ்சம். வெடிப்புல திரை முழுக்க எல்லாமே மாறுது, அந்த நேரத்துக்கு பிட்ரேட் (விநாடிக்கு ஒதுக்குற தகவல் அளவு) பத்தலைன்னா புகை கட்டம் கட்டமா உடையும். வெடிச்ச உடனே பாஸ் போட்டு ஒவ்வொரு ஃபிரேமா நகர்த்துங்க. வெடி மங்கி இருட்டுல கலையிற கடைசி ரெண்டு விநாடிதான் முக்கியம், கட்டமும் பட்டைக் கோடும் அங்கேதான் முதல்ல வரும்.

இடம் போதுமான்னு கணக்கும் போட்டுப் பாக்கலாம். ஜிபியை 8000ஆல பெருக்கி, படத்தோட விநாடியால வகுங்க. உங்க 130 நிமிஷம் 7800 விநாடி. 66 ஜிபி டிஸ்க்னா சராசரி ஏறக்குறைய 68 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்), தாராளம். இதே கணக்கை நம்ம 160 நிமிஷப் படத்துக்குப் போடுங்க: 25 ஜிபி புளூ-ரேன்னா எல்லாம் சேர்த்து 21க்கும் குறைவு, 4.7 ஜிபி டிவிடின்னா 4 எம்பிபிஎஸ்கூட வராது. அதுல பாட்டு, மேக்கிங் வீடியோ எல்லாம் சேர்த்தா சண்டைக் காட்சிக்கு என்ன மிஞ்சும்? நம்ம பழைய டிவிடிகள்ல கிளைமாக்ஸ் புகை ஏன் கட்டம் கட்டமா இருந்துச்சுங்கிறதுக்குப் பாதிப் பதில் இதுதான்.

அடுத்தது நாய்ஸ் ரிடக்‌ஷன். இதை நான் மன்னிக்கவே மாட்டேன். பிலிம்ல எடுத்த படத்துக்கு கிரெய்ன் (பொடி மணல் மாதிரித் தெரியிற துகள்) உண்டு, அது படத்தோட உடம்பு. அதைத் துடைச்சு வழவழன்னு ஆக்கினா முகத்துல துளை, வியர்வை எல்லாம் போய் மெழுகுப் பொம்மை ஆகிடும். 1987ல வந்த 'பிரிடேட்டர்' படத்துக்கு 2010ல வந்த புளூ-ரே இதுக்கு உலகப் பிரசித்தம். 2008ல வந்த முந்தின டிஸ்க் கிரெய்னும் கரகரப்புமா இருந்ததைச் சரி பண்ணப் போய் முகங்களையே அழிச்சிட்டாங்க. சண்டைப் படத்துக்கு இன்னொரு கேடும் உண்டு: இந்தக் கருவி முன்பின் ஃபிரேம்களை ஒப்பிட்டு, ஒரே ஃபிரேம்ல வந்துட்டுப் போற சின்னப் பொருளைத் தூசின்னு நினைச்சு அழிச்சிடும். 'கிளாடியேட்டர்' படத்தோட 2009 புளூ-ரேயில தொடக்கப் போர்ல பறக்கிற அம்புகள் அப்படித்தான் காணாமப் போச்சு. மறு வருஷம் திருத்தின டிஸ்க் வந்தது. அதனால தீப்பொறி, தோட்டா, மழைத்துளி வர்ற ஷாட்டுகளை ஃபிரேம் ஃபிரேமாப் பாருங்க.

கடைசியா தூரம். 55 இன்ச் திரையோட உயரம் சுமார் 68 செ.மீ. 4கேயோட முழு நுணுக்கம் தெரிய உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது ஏறக்குறைய 1 மீட்டர்ல உக்காரணும். சாதா புளூ-ரேக்கு மூணு மடங்கு, 2 மீட்டர். நீங்க 3 மீட்டர்ல இருக்கீங்க. அங்கிருந்து 'கூர்மையில பெரிய வித்தியாசம் இல்லை'ன்னு எழுதினா அது டிஸ்க்கைப் பத்தின வாக்கியம் இல்லை. சோதிக்கிற நேரத்துக்கு நாற்காலியை முன்னால போடுங்க.

---

மேலகரம் ஒலிப்பெட்டி (தென்காசி)

சத்தத்துக்கு நான் சொல்லுதேன்.

முதல்ல அந்த ஆப்டிக்கல் ஒயரைக் கழட்டுங்க தம்பி. அதுல டால்பி ட்ரூஎச்டி, அட்மாஸ், டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் மாதிரி உயர்தர ஒலி வகை எதுவும் போகாது, பழைய டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும்தான் போகும். அதைவிட மோசம், எச்டிஎம்ஐ வழியா வந்த சத்தத்தைச் சில டிவிகள் ஆப்டிக்கல்ல வெறும் ஸ்டீரியோவாத்தான் வெளிய விடும். அப்போ வசனம் சென்டர் ஸ்பீக்கருக்குத் தனியா வராது, இசையோட கலந்து வரும். 'வசனம் கேக்கலை'ங்கிறதுக்குப் பாதிக் காரணம் அங்கனதான் கிடக்கும்னு நினைக்கேன். ரிசீவர் டிஸ்ப்ளேயில என்ன வருதுன்னு பாருங்க. 'பிசிஎம் 2.0'ன்னு காட்டினா அதேதான்.

பிளேயர்ல இருந்து நேரா ரிசீவருக்கு எச்டிஎம்ஐ, ரிசீவர்ல இருந்து டிவிக்கு. ரிசீவர் பழசு, 4கே எச்டிஆரைக் கடத்தாதுன்னா, பிளேயர் பின்னால ஆடியோவுக்குன்னே ரெண்டாவது எச்டிஎம்ஐ இருக்கான்னு பாருங்க. பிளேயர் மெனுவுல ஆடியோ 'பிட்ஸ்ட்ரீம்', 'செகண்டரி ஆடியோ' ஆஃப். அது ஆன்ல இருந்தா மெனு 'டிக்' சத்தத்தைக் கலக்கிறதுக்காக மொத்த ஒலியையும் மறுபடி கம்ப்ரெஸ் பண்ணி அனுப்பும். பெட்டியில அட்மாஸ்னு போட்டிருக்கும், ரிசீவர்ல சாதா டால்பின்னு வரும், ஆளு டிஸ்க்கைத் திட்டுவான்.

பிறகு அளவு. ரிசீவரோட டெஸ்ட் டோனைப் போட்டு, உக்காருற இடத்துல காது உயரத்துல சவுண்ட் மீட்டரை வச்சு ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 75 டெசிபெலுக்குக் கொண்டு வாங்க. போன் ஆப் துல்லியம் இல்லைன்னாலும், எல்லா ஸ்பீக்கரும் சமமா இருக்கான்னு பாக்க அது போதும். சின்ன ஸ்பீக்கர்னா கிராஸ்ஓவர் (எந்த அளவுக்குக் கீழ உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகணும்ங்கிற எல்லை) 80 ஹெர்ட்ஸ். 'எல்எஃப்இ பிளஸ் மெயின்' வேண்டாம். அது ஒரே தாழ்ந்த ஒலியை ரெண்டு வழியா அனுப்பி வெடியைக் குழப்பிடும்.

'நைட் மோடு', 'டைனமிக் ரேஞ்ச்' ரெண்டும் மதிப்புரைக்கு ஆஃப். 'ஆட்டோ'ன்னும் விடாதீங்க. ட்ரூஎச்டி டிராக் வரும்போது சில ரிசீவர் 'ஆட்டோ'வுல தானாவே சத்தத்தை அமுக்கும். வசனத்துக்கும் வெடிக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கிறது குறை இல்லை, தியேட்டர் மிக்ஸ் அப்படித்தான். வீட்டுல ராத்திரி பாக்க நைட் மோடு போட்டுக்கிடுங்க, அது வேற. துப்பாக்கிச் சத்தமும் பேச்சும் ஒரே உயரத்துல இருந்தா அதைத்தான் குறைன்னு எழுதணும், மிக்ஸை நசுக்கிட்டான்னு அர்த்தம்.

கேட்டுப் பார்க்க வேண்டியது இவ்வளவும்: துப்பாக்கியோட முதல் 'டப்' கூர்மையா அடிக்கா, மழுங்கியிருக்கா. வெடிச்ச பிறகு அந்த அதிர்வு பையக் கரையுதா, கத்தரிச்ச மாதிரி நிக்கா. சில டிஸ்க்ல 30 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டி விட்டிருப்பாங்க, 'டம்'னு கேக்கும், ஆனா தரை அதிராது. இதைச் சொல்ல 20 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்குற சப்வூஃபர் வேணும். 8 இன்ச் சப்வூஃபரை வச்சுக்கிட்டு 'டிஸ்க்ல அடி இல்லை'ன்னு எழுதாதீங்க. கார் முன் இடதுல இருந்து பின் வலதுக்குப் போகும்போது நடுவுல சத்தம் அறுந்து குதிக்கா, வழுக்கிப் போகுதா. மழைக் காட்சியில மழை நம்மளைச் சுத்திப் பெய்யுதா, முன்னால மட்டும் பெய்யுதா.

அந்த 'ஊம்' 50 ஹெர்ட்ஸ், கரண்ட் வழி வர்றது. கேபிள் டிவி அல்லது டிஷ் ஒயரை செட்டாப் பாக்ஸ்ல இருந்து கழட்டிப் பாருங்க. நின்னுட்டா எர்த் லூப், அதாவது சாமான்களுக்கு நடுவுல ரெண்டு வழியா எர்த் சேர்ந்து வர்ற இரைச்சல். எல்லாத்தையும் ஒரே பிளக் போர்டுல சொருகுங்க. எர்த் பின்னை வெட்டுற வேலை வேண்டவே வேண்டாம், ஷாக் அடிக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் இரைச்சல்னா அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். அந்த நேரத்துல மதிப்புரைக்குக் கேக்காதீங்க.

சிமெண்டுத் தரை, வெறுஞ்சுவர் அறையில வசனம் எதிரொலிச்சுக் குழம்பும். பத்தமடைப் பாய் விரிச்சாப் போதும்னு சொல்லுவாங்க, அது மெல்லிசு, ஒலியை உறிஞ்சாது. கனத்த ஜமுக்காளம், பஞ்சு மெத்தை, முதல் எதிரொலி விழுற பக்கச் சுவர்ல துணி அடுக்கின திறந்த அலமாரி, இதெல்லாம் உதவும்.

---

பாளை வாசகன்

ரெண்டு அண்ணாச்சிக்கும் நன்றி. ரிசீவர்ல 'பிசிஎம் 2.0'ன்னுதான் வந்துச்சு. ஒயரை மாத்தினதும் வசனம் முன்னால வந்து நிக்குது. எச்டிஎம்ஐ போர்ட் சுவிட்சும் அணைஞ்சுதான் கிடந்தது. இப்போ ராத்திரிச் சண்டையில ஆள் தெரியுது, தெரு விளக்குப் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் மங்கல். கேபிள் ஒயரைக் கழட்டினதும் 'ஊம்' போயிடுச்சு.

இன்னும் ரெண்டு கேள்வி. டிஸ்க்ல தமிழ் டப்பிங் டிராக்கும் இருக்கு, அதை எப்படி எடை போடுறது? இங்கிலீஷ் டிராக்கைவிடத் தமிழ்தான் சத்தமா, 'நல்லா' இருக்கிற மாதிரிப் படுது. அப்புறம் அந்த உறையிற பிரச்சினை அப்படியே இருக்கு.

---

உவரிக்காரி (உவரி)

உறையிறதைப் பத்தி. 66, 100 ஜிபி டிஸ்க்குகள்ல தகவல் அடுக்கடுக்கா இருக்கு. லேசர் ஒரு அடுக்குல இருந்து அடுத்ததுக்குத் தாவும்போது டிஸ்க் கொஞ்சம் அழுக்கா இருந்தாலே பிளேயர் தடுமாறும். படத்தோட நடுப்பகுதியில, ஒரே இடத்துல உறையுதுன்னா பெரும்பாலும் இதுதான். டிவிடியில தகவல் அடுக்கு மேற்பரப்புல இருந்து 0.6 மி.மீ. உள்ளே, புளூ-ரேயிலும் 4கேயிலும் வெறும் 0.1 மி.மீ. அதனால ஒரு விரல் ரேகைகூட லேசருக்குப் பெரிய தடை. புது டிஸ்க்லயே தொழிற்சாலைப் படலம் ஒட்டியிருக்கும்.

மைக்ரோஃபைபர் துணி, ரெண்டு சொட்டுத் தண்ணி. நடு ஓட்டையில இருந்து வெளி ஓரத்துக்கு நேர் கோடா துடைக்கணும். வட்டமாத் துடைச்சா கீறல் தடத்தோட போக்குலயே விழுந்து, பிழை திருத்தம் சமாளிக்க முடியாத நீளத்துக்குப் போகும். சட்டை முனை, வேட்டி முனை, கண்ணாடி துடைக்கிற ரசாயனம் எதுவும் வேண்டாம். நிழல்ல காய வச்சுப் போடுங்க. பிளேயரை முழுசா அணைச்சு, பிளக்கைப் பிடுங்கி அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி ஆரம்பிங்க, ஃபர்ம்வேர் (பிளேயருக்குள்ள இருக்கிற மென்பொருள்) புதுசு இருந்தா ஏத்துங்க. அப்பவும் அதே நொடியில நின்னா இன்னொரு பிளேயர்ல போட்டுப் பாருங்க. அங்கேயும் நின்னாத்தான் டிஸ்க் பழுது. அதுவும் உங்க கைக்கு வந்த ஒரு டிஸ்க் பழுதுன்னுதான் எழுதலாம், மொத்த வெளியீடும் பழுதுன்னு எழுதக் கூடாது. வாங்கின இடத்துல மாத்திக் கேளுங்க.

எங்க கடலோரப் பக்கம் உப்புக் காத்துல பிளேயரோட லென்ஸும் கனெக்டரும் சீக்கிரம் மங்கும். தென்காசிப் பக்கம் சாரல் மாசத்துல லென்ஸ்ல ஈரம் படியும். பல டிஸ்க்கும் நிக்குதுன்னா குறை பிளேயர்லதான்.

---

மேலகரம் ஒலிப்பெட்டி

தமிழ் டிராக்குக்கு வாரேன். ரிமோட்ல ஆடியோ பட்டனை அமுக்கி, ஒவ்வொரு டிராக்குக்கும் ரிசீவர் என்ன காட்டுதுன்னு எழுதி வைங்க. இந்திய வெளியீடுகள் சிலதுல இங்கிலீஷுக்கு இழப்பில்லாத (ஒலியில எதையும் விடாம சுருக்கின) டிராக்கும், தமிழ், தெலுங்கு, இந்திக்கு டால்பி டிஜிட்டல் 5.1உம் இருக்கும். புளூ-ரேயில டால்பி டிஜிட்டலுக்கு உச்ச அளவு 640 கேபிபிஎஸ், ட்ரூஎச்டி அதைப்போலப் பல மடங்கு எடுக்கும்.

சத்தமா கேக்கிறது நல்லா இருக்குன்னு காதை ஏமாத்தும். டால்பி டிராக் ஒவ்வொண்ணுலயும் வசன அளவைச் சொல்லுற ஒரு எண் பதிஞ்சிருக்கு, ரிசீவர் அதைப் பார்த்துத் தானா வால்யூமை இறக்கும். ஒரு டிராக்ல -27, இன்னொண்ணுல -31ன்னா ரெண்டுக்கும் 4 டெசிபெல் வித்தியாசம். டால்பியைவிட டிடிஎஸ் ஒசத்தின்னு பல வருஷமா நடந்த சண்டையில பெரும்பங்கு இந்த 4 டெசிபெல்தான். அதனால ஒரே வசனத்தை ரெண்டு டிராக்லயும் போட்டு, மீட்டர்ல சமப்படுத்தின பிறகு ஒப்பிடுங்க.

டப்பிங்ல பாக்க வேண்டியது வேற. குரல் இல்லாத இசை-ஒலி டிராக்கு மேல ஸ்டூடியோக் குரலை ஏத்துறாங்க. ஆள் சுரங்கத்துக்குள்ள கத்தும்போது குரல்ல சுரங்கம் இருக்கா? ஹெல்மெட் மாட்டினவன் பேச்சு அடைச்சுக் கேக்கா? சண்டைக்கு நடுவுல மூச்சு, முனகல், 'ஆ' எல்லாம் இருக்கா, இல்ல வாயசைவுல மட்டும் வந்துட்டுப் போகுதா? குரல் சென்டர்ல ஒட்ட வச்ச மாதிரி நின்னா எழுதுங்க. தமிழ் டிராக்ல படம் பாக்கிறவங்கதான் நம்ம வாசகர், அவங்களுக்கு அட்மாஸ் பெருமை உதவாது. இன்னொண்ணு, படத்துல யாராவது ரஷ்ய மொழி, ஜப்பானிய மொழின்னு பேசுற இடம் இருந்தா, தமிழ் டிராக் போட்டதும் அந்த இடத்துக்கு மட்டும் சப்டைட்டில் தானா வருதான்னு பாருங்க. பல டிஸ்க்ல வராது.

மார்க் போடுற வழக்கத்தை விட்டுடுங்கன்னு கேட்டுக்கிடுதேன். 'படம் 4.5, ஒலி 5'ன்னு போட்டா வாசகனுக்கு என்ன தெரியும்?

---

கொக்கிரகுளம்

மார்க் விஷயத்துல அண்ணாச்சியோட நான் ஒத்துப்போகலை. காசு குடுத்து வாங்குறவன் ரெண்டு வெளியீட்டுக்கு நடுவுல எதுன்னு முடிவு பண்ண ஒரு எண் உதவும். ஆனா அந்த எண்ணுக்குக் கீழ எதுக்காகக் குறைச்சீங்கன்னு நேரத்தோட இருக்கணும். 'புகை சரியில்லை'ன்னு இல்லாம, '1:42:10, கிடங்கு வெடிப்பு, இடது மேல் மூலையில கட்டம்'னு. வாசகர் தன் டிஸ்க்ல போட்டுச் சரிபார்க்கலாம், நீங்க தப்புன்னா திருத்தவும் செய்யலாம்.

தம்பி, தெரு விளக்குப் பக்கம் மங்கல்னு சொன்னீங்களே, அது உங்க டிவியோட எல்லை. அதை மறைக்காம எழுதுங்க: டிவி வகை, அளவு, உக்காந்த தூரம், பிளேயர், எந்த டிராக், நைட் மோடு ஆஃப். 'இந்த டிவியில உச்ச வெளிச்சம் முழுசாத் தெரியலை, அதைப் பத்தி இங்கே சொல்லலை'ன்னு ஒரு வரி போட்டுடுங்க. நிறம், கிரெய்ன், கம்ப்ரெஷன், ஒலி எல்லாத்தையும் உங்ககிட்ட இருக்கிற சாமானை வச்சே துல்லியமா எழுதலாம்.

ஃபிரேம் அளவையும் ஒரு பார்வை பாருங்க. 2.39 அகலப் படம்னா (உயரத்தைப்போல 2.39 மடங்கு அகலம்) 4கே டிஸ்க்ல மேலயும் கீழயும் ஏறக்குறைய 276 வரி கறுப்பு வரணும். கறுப்பே இல்லாம திரை நிறைஞ்சிருந்தா முதல்ல டிவியோட ஜூம், ஓவர்ஸ்கேன் ரெண்டையும் அணைச்சுப் பாருங்க. அப்பவும் நிறைஞ்சே இருந்தா பக்கவாட்டுல கால் பங்குப் படத்தை வெட்டியிருக்கலாம். சண்டைக் காட்சியில அடிக்கிறவன் திரையில, அடி வாங்குறவன் வெளியிலன்னு ஆகிடும். ஆனா ஐமேக்ஸ்ல எடுத்த காட்சிகளுக்கு மட்டும் திரை விரியிற மாதிரி வேணும்னே செஞ்ச டிஸ்க்குகளும் உண்டு, அதைக் குறையாக் கணக்குல எடுக்காதீங்க.